அலமாரிக்குக் காவல்

எங்கள் வீட்டு நடு அறைக்குச் சுவர் மூன்றுதான். நான்காவது பக்கம் நிற்பது ஓர் அலமாரி. அதன் முதுகு எங்களுக்கு, முகம் அடுத்த வீட்டுக்கு. இதைச் சொன்னால் கேட்பவர்கள் நான் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் சொல்ல வந்தது என் நாத்தனாரைப் பற்றி. ஆனால் அலமாரியை விட்டுவிட்டு அவரைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்ல முடியாது. நாற்பது வருஷமாக அவருடைய கட்டில் அதை ஒட்டித்தான் கிடக்கிறது. அதனால் முதலில் அலமாரியை முடித்துவிடுகிறேன்.

என் கணவரின் கொள்ளுத்தாத்தா ஒரு சரக்கு ஆபீசில் குமாஸ்தா. அந்த ஆபீசை இழுத்து மூடியபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் மேஜை, நாற்காலி என்று உருப்படியாக எதையாவது எடுத்துக்கொண்டு போக, இவர் கோப்புகள் அடுக்கியிருந்த அலமாரியை எடுத்தார். ஒன்பதடி அகலம், ஏழடி உயரம். தூக்கி வந்தது பன்னிரண்டு பேர் என்பார்கள். சொல்கிறவரைப் பொறுத்து அது இருபதாகவும் ஆகும். அப்போது வீடு பாதிதான் கட்டியிருந்தது. அலமாரியை உள்ளே வைத்துவிட்டு, அதற்கப்புறம் முன்சுவரை எழுப்பி, மூன்றடியில் ஒரு கதவு வைத்தார். உள்ளே போன அலமாரி இனி வெளியே வராது என்பதை அப்போதே யோசித்திருக்கலாம். யோசிக்கிற வழக்கம் இந்தக் குடும்பத்தில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அவருக்கு இரண்டு மகன்கள். அவர் கண்ணை மூடியதும் இருவரும் வீட்டைப் பிரித்தார்கள். அறைகள் பிரிந்தன, முற்றம் பிரிந்தது, கிணற்றில்கூட இன்ன நேரம் உனக்கு, இன்ன நேரம் எனக்கு என்று பிரிந்தது. அலமாரியில் வந்து முட்டிக்கொண்டது. அண்ணன் விடாக்கண்டன், தம்பி கொடாக்கண்டன். சரி, நடுவில் அறுத்துவிடலாம் என்று தச்சரைக் கூப்பிட்டார்கள். அறுத்தால் இரண்டு துண்டும் நிற்காது என்று சொல்லி அவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் ஒரு ஹெட்மாஸ்டர் நடுவராக வந்து தீர்ப்பு சொன்னார். அலமாரி நிற்கிற கோட்டிலேயே பாகச் சுவரை எழுப்பலாம். சுவர் இரண்டு பக்கமும் அலமாரியை வந்து தொட்டு நிற்கட்டும். மேல் மூன்று தட்டு அண்ணனுக்கு. அவர் முன்கதவைத் திறந்து புழங்கட்டும். கீழ் இரண்டு தட்டு தம்பிக்கு. அவர் முதுகுப் பலகையில் ஒரு ஓட்டை வெட்டிக் கதவு போட்டுக்கொள்ளட்டும்.

இதோடு அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகிற போக்கில் ஒரு நிபந்தனையையும் சேர்த்துவிட்டார். எந்தப் பக்கத்து அறை ஆள் புழங்காமல் கிடக்கிறதோ, அந்தப் பக்கத்தார் அலமாரியை மற்றவருக்கு விட்டுவிட வேண்டும். இதை எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினாராம். அந்தக் காகிதம் மேல் தட்டில் வைக்கப்பட்டதாம். மேல் தட்டு அடுத்த வீட்டுக்குச் சொந்தம். ஆகவே எங்கள் பக்கத்தில் பிறந்த எவரும் அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து நடு அறையில் யாராவது ஒருவர் படுத்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. முதலில் அந்தத் தம்பியே படுத்தார். அவருக்குப் பிறகு அவர் மகள், அதாவது என் மாமனாரின் தங்கை. மாமனார் படுக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது, மனைவி இருந்தார், பெரிய அறை இருந்தது. தங்கைக்கு இவை எதுவும் இல்லை. அவருக்குப் பிறகு என் நாத்தனார். பதிமூன்று வயதில் அந்த அறைக்குப் போனார்.

அந்த இரண்டு தட்டில் அப்படி என்ன புதையல் இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கல்யாணமாகி வந்த முதல் வாரமே திறந்து பார்த்தேன். நாலு பழைய போர்வை, கைப்பிடி இல்லாத ஓர் இஸ்திரிப் பெட்டி, மாமனாரின் பள்ளிச் சான்றிதழ்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் பெரியம்மா இருந்தார். மாமனாருடைய பெரியப்பா மகனின் மனைவி. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகன் வெளிநாட்டில். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இரண்டு வீட்டு வாசலும் வேறு வேறு தெருவில் என்பதால் முகத்தில் முழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நடுவில் இருந்ததோ விரற்கடைப் பலகை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் தட்டு அதிரும். நாம் பேசுவதைக் கேட்டு, அறை காலியாக இருக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, வந்து உரிமை கொண்டாடிவிடுவார்கள் என்று இங்கே ஒரு பயம். அதனால் எங்கள் வீட்டில் எல்லோரும் ரகசியக் குரலில்தான் பேசுவார்கள். ஒருவர் இருவர் இல்லை, வீடு முழுக்க. சண்டைகூட ரகசியமாகத்தான்.

கல்யாணமான மறுநாள் காலை என் கணவர் என் காதருகே குனிந்து, கொலைத் திட்டம் சொல்கிறவர்போல, "காபி குடிச்சியா?" என்று கேட்டார்.

"என்னங்க, தொண்டை கட்டியிருக்கா?" என்றேன், என் வழக்கமான குரலில்.

மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். "மெதுவாம்மா. அந்தப் பக்கம் இருக்கறவளுக்குப் பாம்புக் காது."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. ஒரு வருஷத்தில் எனக்கும் அந்தக் குரல் வந்துவிட்டது. பிறந்த வீட்டுக்குப் போனால் அம்மா, "உனக்கு உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்.

என் நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இதுதான் காரணம். மூன்று வரன் வந்தது. மூன்றாவது வந்தபோது நானும் கூட இருந்தேன். முன்னறையில்தான் அவர்களை உட்கார வைத்தோம். அலமாரி எங்கேயோ பின்னால் இருந்தது, அங்கே இயல்பாகப் பேசியிருக்கலாம். ஆனால் பழகின வாய். மாமனார், மாமியார், என் கணவர் எல்லோரும் வாயருகில் கையை வைத்துக்கொண்டு கிசுகிசுத்தார்கள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒளிவுமறைவு இல்லாமல், "பொண்ணுக்குப் பேச வருமில்ல?" என்று கேட்டுவிட்டார். மாமனார் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, பெண்ணுக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை என்றார். அதையும் ரகசியமாகத்தான் சொன்னார். அவர்கள் டீயைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்கள். பெண்ணுக்கு ஏதோ இருக்கிறது, குடும்பமே சேர்ந்து மூடி மறைக்கிறது என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். முந்தின இரண்டு வரனும் இதையேதான் சொன்னார்களாம். அதற்கப்புறம் யாரும் வரவில்லை, இவர்களும் தேடவில்லை. மாமியாருக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகவும் எனக்குத் தெரியவில்லை. நடு அறைக்கு ஆள் இருந்ததே.

ஆம், அறிவிப்பாளர் வேலை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். பஸ் நிலையத்தின் நடுவில் மூன்று பக்கம் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு கால அட்டவணை, சுழலாத ஒரு மின்விசிறி. கண்டக்டர்கள் அவரை மைக்கக்கா என்பார்கள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் அவர் குரலை அங்கே முதல் தடவை கேட்டபோது யாரோ என்று நினைத்தேன். "பதினேழாம் எண் பேருந்து நான்காவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது" என்று கணீரென்று ஒரு குரல் கடைத்தெரு வரைக்கும் போனது. புறப்படுகிற நேரத்தில் டீக்கடையில் நிற்கிற டிரைவரை, "இருபத்திரண்டாம் எண் ஓட்டுநர் டீயை முடித்துக்கொண்டு வண்டிக்கு வரவும்" என்று ஊரறியக் கூப்பிட்டு மானத்தை வாங்குவார். வீட்டில் உப்பு கேட்பதற்கே வாயைக் குவிக்கிறவர்.

"அங்க மட்டும் எப்படிக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க யாரும் என்னைக் கேட்கல. பஸ்ஸைத்தான் கேட்கறாங்க" என்றார்.

அவருடைய நாள் முழுவதும் எனக்கு மனப்பாடம். காலையில் ஐந்தரைக்கு எழுவார். எனக்குக் காய் நறுக்கிக் கொடுப்பார். என் பெண்ணுக்குத் தலை பின்னிவிடுவார். ஏழு மணிக்குப் போய் மூன்று மணிக்கு வருவார். வந்ததும் நேரே நடு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்காருவார். அது வரைக்கும் மாமியார் அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இவர் வந்ததும் அவர் எழுந்துகொள்வார். ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறுவதுபோல இது ஒரு நாள் தவறாமல் நடந்தது. அக்கா தன் வாழ்நாளில் ஓர் இரவுகூட வேறு கூரைக்குக் கீழே தங்கியதில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர் சாயங்கால பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டார்.

அக்காவுக்கு நாற்பத்து நாலு வயது நடந்தபோது இது நடந்தது. ஒரு மத்தியானம், நான்காவது நடைமேடையில் நிற்க வேண்டிய பஸ் ஆறாவதுக்கு மாற்றப்பட்டது. அக்கா மூன்று தடவை அறிவித்தார். கூட்டம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆறாவதுக்கு ஓடியது. ஒரே ஒரு வயதான அம்மாள் மட்டும் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, ஒரு கவலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அக்கா நாலாவது தடவையும் சொன்னார். அசையவில்லை. யாரடா இது என்று எழுந்து போய்ப் பார்த்தால், அடுத்த வீட்டுப் பெரியம்மா.

அக்கா நடைமேடை மாறிவிட்டது என்று சொன்னார். பெரியம்மா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து நீட்டினார்.

"எழுதிக் காட்டும்மா. காது சுத்தமாப் போயிடுச்சு. பதினஞ்சு வருஷமாச்சு" என்று நடைமேடையே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னார். பிறகு முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டுப் பொண்ணுதானே நீ? நல்லா வளந்துட்டியே" என்றார்.

அக்கா நோட்டை வாங்கி அந்தக் காகிதத்தைப் பற்றி எழுதிக் கேட்டாராம். அதைக் கேட்கத் தோன்றியதே எனக்கு ஆச்சரியம்.

"காகிதமா? அது உங்க பக்கத்துத் தட்டுலல்ல இருக்கு? அதுக்குப் பயந்துதானே எம்புள்ள கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போயும் நான் இங்கயே கிடக்கறேன். ராத்திரி ஒரு நாள் வெளியில தங்கினது கிடையாது" என்றாராம் பெரியம்மா.

அக்கா அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய் ஆறாவது நடைமேடையில் பஸ் ஏற்றிவிட்டார். சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டிய பஸ்ஸின் எண்ணையும் நோட்டில் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்கு அடுப்படியில் என்னிடம் இதையெல்லாம் சொல்லும்போது அக்கா சிரித்தார். ரகசியச் சிரிப்பு இல்லை, பாத்திரம் அதிர்கிற சிரிப்பு. பதினைந்து வருஷமாக ஒரு வீடே காது கேட்காத ஓர் அம்மாளுக்குப் பயந்து கிசுகிசுத்திருக்கிறது. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மாமியார் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னோம்.

"நடிக்கறா. நம்மள சத்தமாப் பேச வைக்கறதுக்குத் தந்திரம். காகிதம் இல்லைன்னு சொல்றதும் அதுக்குத்தான்" என்றார் மாமியார். என் கணவர் வழக்கம்போல் தலையாட்டினார். அவர் அம்மா எது சொன்னாலும் ஆட்டுகிற தலை அது. மறுநாள் காலை வீடு பழையபடி கிசுகிசுத்தது.

ஒரு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது. ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பெரிய ஊரில் புதிதாகப் பஸ் நிலையம் கட்டியிருந்தார்கள். நாற்பது நடைமேடை. அறிவிப்புப் பிரிவுக்கு அக்காவைப் பொறுப்பாளராகப் போட விரும்புகிறார்கள், பதினைந்து நாளில் சம்மதம் சொல்ல வேண்டும், தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ் உண்டு என்று எழுதியிருந்தது. அக்கா அதை முதலில் எனக்குத்தான் காட்டினார். துணி காயப் போடுகிற இடத்தில், இரண்டு போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு.

"ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. மேனேஜர் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு" என்றவர், போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டபடி, "நாலு பக்கமும் சுவரு" என்றார்.

"போவீங்களாக்கா?"

"போகணும். நான் போகணும். எனக்கு இங்க மூச்சு முட்டுது. உங்கிட்ட சொல்றதுக்கு என்ன, முப்பது வருஷமா முட்டுது."

அவர் அப்படித் தன்னைப் பற்றி நேராகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. கட்டாயம் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அன்றைக்கு அது பொய் இல்லை.

வீட்டில் சொன்னபோது பெரிய ரகளை நடக்கும் என்று நினைத்தேன். நடக்கவில்லை. மாமியார் கடிதத்தை வாங்கிப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"போகட்டுமே. யாரு வேணாம்னா? குட்டிக்குத்தான் பதினாலு ஆயிடுச்சே. அவ கட்டிலத் தூக்கி உள்ள போட்டாப் போச்சு" என்றார்.

குட்டி என்றது என் பெண்ணை. அக்கா முகத்தில் ஈயாடவில்லை. என் கணவரைப் பார்த்தேன். தலை ஆடிக்கொண்டிருந்தது.

என் பெண் ஒருத்திதான் அந்த வீட்டில் அடங்காதவள். குளிக்கும்போது பாடுவாள். படியில் இறங்கும்போது கத்துவாள். தினம் பத்துத் தடவையாவது "மெதுவா" என்று யாராவது அவளை அடக்குவோம், அவள் பதினோராவது தடவை கத்துவாள். அவளை அந்தக் கட்டிலில், அந்தப் பலகைக்கு அடியில், நினைத்துப் பார்த்தேன். ஓர் இரவுகூட வேறு இடத்தில் தங்காத ஒரு நாற்பத்து நாலு வயதுக்காரியாக நினைத்துப் பார்த்தேன்.

நீ ஏன் அந்த அறையில் படுக்கவில்லை, உன் புருஷன் ஏன் படுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது அது தோன்றவே இல்லை. நடு அறையில் கல்யாணமாகாத பெண்தான் படுக்க வேண்டும் என்று யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஹெட்மாஸ்டர்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் தோன்றவில்லை. பதினாறு வருஷத்தில் நானும் நன்றாக அந்த வீட்டு ஆளாகியிருந்தேன்.

பத்து நாள் போனது. அக்கா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. காய் நறுக்கிக் கொடுத்தார், தலை பின்னிவிட்டார், போனார், வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதைத் தவிர்த்தேன். போய்விடுவாரோ என்று உள்ளுக்குள் ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருந்தேன்.

பதினோராவது நாள் காலை பத்து மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்தது. அக்கா வேலைக்குப் போயிருந்தார். பேசியவர் பஸ் நிலைய மேனேஜர்.

"அந்தப் பொறுப்பு விஷயமாத்தான் கூப்பிட்டேன்மா. நாளைக்கு நான் மேல பதில் அனுப்பணும். அவங்ககிட்டக் கேட்டா சரியா முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க. அதான் வீட்ல என்ன நினைக்கறீங்கன்னு கேக்கலாம்னு. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளியலறையில் என் பெண் பாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பள்ளி விடுமுறை.

"வீட்ல யாருக்கும் இஷ்டம் இல்லைங்க. அவங்களுக்கும் இல்லை" என்றேன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா, கேக்கல."

ரகசியக் குரலில் சொல்லியிருக்கிறேன். மாற்றிச் சொல்ல எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது என்றுதான் அதற்கு அர்த்தம்.

"அவங்க வர மாட்டாங்க" என்று சத்தமாகச் சொன்னேன்.

"அப்படியா. சரிம்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு அக்கா வந்தார். வழக்கமாக நேரே நடு அறைக்குப் போகிறவர் அடுப்படிக்கு வந்தார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. திட்டட்டும், கன்னத்தில் இரண்டு அறைகூட அறையட்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி நின்றேன்.

"மேனேஜர் பேசினாராமே" என்றார்.

"ஆமாக்கா. நான்தான்..." என்றேன்.

"நீ சொன்னது தப்பில்ல. நானே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். மூணு நாள் ஆச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுதிக் கொடுத்தவரைப் பற்றி அந்த மனிதர் ஏன் என்னிடம் கேட்டார்?

அக்கா அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். "எங்க அத்தை இருந்தாங்கல்ல, எனக்கு முன்னாடி அந்த ரூம்ல. அவங்க செத்துப்போயிட்டாங்கன்னுதான் உங்கிட்டச் சொல்லியிருப்பாங்க. சாகல. ஒரு கம்பவுண்டரோட போயிட்டாங்க. ஒரு நாள் மத்தியானம், கையில ஒரு பைகூட இல்லாம. போனது சரிதான், நல்லாத்தான் இருந்தாங்கன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். ஆனா அன்னிக்குச் சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரேன், என் கட்டில் உள்ள கிடக்கு. யாரும் என்னைக் கேக்கக்கூட இல்ல. குட்டி பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பாக்கக் கூடாதுன்னு தோணிச்சு. எழுதிக் குடுத்துட்டேன்."

"அக்கா..."

"மேனேஜர் அந்தக் கடிதாசியை மேல அனுப்பாம டிராயர்ல வெச்சிருந்தாரு. யோசிங்க, யோசிங்கன்னாரு. நானும் மூணு நாளா அந்த டிராயரையே நினைச்சுட்டிருந்தேன். வீட்ல யாராவது, நீ போ, நாங்க பாத்துக்கறோம்னு சொன்னாப் போய்க் கிழிச்சுப் போட்டுட்டு வந்துடலாம்னு. ஒருத்தர் சொன்னாப் போதும்னு இருந்தேன்." கையில் இருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "இன்னிக்குப் பத்தரைக்கு அனுப்பிட்டாரு."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். எழுந்து போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மாமியார் நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பெரியம்மா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனார். அவர் மகன் வந்து எல்லாம் முடித்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். நிபந்தனைப்படி பார்த்தால் அலமாரி முழுவதும் இப்போது எங்களுக்குத்தான். மேல் தட்டைத் திறக்க வேண்டுமானால் அந்தப் பக்கம் போக வேண்டும், அந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது. மகன் என்றைக்காவது திரும்பி வருவான், அறை காலியாக இருப்பதைப் பார்ப்பான் என்று மாமியார் படுத்த படுக்கையிலிருந்து இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா இன்னும் அங்கேதான் படுக்கிறார். நான் படுக்கிறேன் என்று ஒரு வழியாக எனக்குத் தோன்றி, போன வருஷம் அவரிடம் சொன்னேன். "இனிமே எதுக்கு? வேற இடத்துல எனக்குத் தூக்கம் வராது" என்றுவிட்டார்.

என் பெண்ணின் கட்டில் அந்த அறைக்குள் போகவே இல்லை. அவள் விடுதியில் தங்கிப் படித்தாள், இப்போது ஒரு பெரிய நகரத்தில் வேலை பார்க்கிறாள். போனில் பேசினால் காதை ஒரு முழம் தள்ளி வைத்துக் கேட்க வேண்டும். வேலைக்காக எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவாள்.

போன மாதம் நாலு நாள் விடுப்பில் வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவள் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு, "அத்தை, இத்தனை வருஷம் ஒரே மைக், ஒரே ரூம். ஊர்ல இருக்கற எல்லாரையும் பஸ் ஏத்தி விட்டுட்டு, நீங்க ஒரு தடவைகூட ஏறணும்னு நினைக்கலியா? சரியான பயந்தாங்கொள்ளி அத்தை நீங்க" என்று சிரித்தாள்.

அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "ஆமாண்டி. எனக்கு எப்பவுமே பயம் ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

என் கணவரும் சிரித்தார். உண்மை எனக்கு வாய் வரைக்கும் வந்தது. என் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டாள். நான் சரிதான் என்றேன்.